ஆவுடையப்பன் போட்ட ஒரே திருத்தம்

வாகைப்பேரியில் முதலில் கிழிந்தது பால்காரர் செல்லையாவின் சட்டைப்பை. ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி இருக்கும். மேலத்தெருவில் ஒரு வீட்டு வாசலில் குனிந்து பால் அளந்துகொண்டிருந்தவரின் சட்டைப்பை தையலோடு பிய்ந்தது. உள்ளே இருந்த போன் பால் கேனுக்கு ஒரு விரல்கடை தள்ளி, அம்மிக்குழவி விழுந்த சத்தத்தோடு சிமெண்டுத் தரையில் விழுந்தது. செல்லையா அதை ஒரு கையால் எடுக்கப் பார்த்தார், பிறகு இரண்டு கையாலும் எடுக்கப் பார்த்தார், பிறகு துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, "ஒரு கை பிடிங்க தாயி" என்று அந்த வீட்டம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மாளும் அடுப்படியிலிருந்து வந்து ஒரு பக்கம் பிடித்தாள். எட்டு மணிக்குள் தெருவுக்குத் தெரு தலையணைகள் அமுங்கி, அலமாரித் தட்டுகள் வளைந்து, சார்ஜர் ஒயர்கள் அறுந்து, ஊர் முழுக்க இருந்த அத்தனை போன்களுக்கும் கனம் வந்துவிட்டது என்பது தெளிவாகிவிட்டது.

ஊர் ஆச்சரியப்பட்டது அரை நாள்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாக்குத் தேட ஆரம்பித்துவிட்டது. கனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர், அதை எதில் வைத்துத் தூக்குவது என்று கேட்டவர்கள்தான் அதிகம். போனுக்குள் என்னென்ன கிடந்ததோ அதெல்லாம் எடை போடத் தொடங்கியிருந்தது, விஷயம் அவ்வளவுதான். எடுத்த படம், வந்த படம், கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ, குரல் செய்தி, யாரோ யாருக்கோ அனுப்பி ஊரைச் சுற்றி வந்த, பூவும் சூரியனும் போட்ட காலை வணக்கம், எல்லாவற்றுக்கும் ஒரு கனம் இருந்தது. காலை வணக்கம் ஒன்று கடுகளவுதான், ஆனால் நாலைந்து வருடத்துக் காலை வணக்கங்கள் சேர்ந்தால் ஒரு மரக்கால் நெல்லுக்கு வந்தது. மூன்று மணி நேர சினிமாப் படம் ஒரு தேங்காய்ச் சில்லு கனம்கூட இல்லாமல் கிடக்க, கைக்குழந்தை சிரித்த பதினொரு விநாடி வீடியோ உரலைப் போல அசைய மறுத்தது. கணக்குப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு கடைசிவரை பிடிபடவில்லை.

மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து, ரேஷன் கடைத் தராசில் பத்துப் போன்களை நிறுத்துப் பார்த்து, தன் போனையும் நிறுத்துப் பார்த்து, அது வழக்கமான எடைதான் என்று நிம்மதியாகக் குறித்துக்கொண்டு போனார். ஊரை விட்டுப் போனால் சரியாகிவிடும் என்று திருநெல்வேலிக்கு பஸ் ஏறிய கல்யாணத் தரகர் பேச்சிமுத்து அங்கேயும் அதே கனத்தோடு இறங்கினார், அதே கனத்தோடு திரும்பி வந்தார். வாகைப்பேரிக்காரர்களின் போன் எந்த ஊருக்குப் போனாலும் வாகைப்பேரிப் போன்தான் என்று ஆகிவிட்டது.

ஊர் அதற்கேற்ப வளைந்துகொடுத்தது. தையல்காரர்கள் சட்டைக்குக் கித்தான் துணியில் பை வைத்து, அதற்கு இரட்டைத் தையல் போட்டு, தோளில் வார் மாட்டிக் கொடுத்தார்கள். சுடலைமுத்து டீக்கடையில் பெஞ்சுக்குப் பக்கத்தில் தேக்குப் பலகை ஒன்று புதிதாக வந்தது, போனை இறக்கி வைக்க. ஷேர் ஆட்டோக்காரர்கள் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட போனை ஓர் ஆளாக எண்ணினார்கள். பள்ளிவாசலில் செருப்பு வைக்கும் இடத்துக்கு எதிரிலும், அம்மன் கோவிலில் தேங்காய் உடைக்கும் கல்லுக்குப் பக்கத்திலும் போன்களுக்கென்று சிமெண்டு மேடை கட்டினார்கள். திருட்டு அறவே நின்றது. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தோடு போனின் எடையையும் விசாரித்தார்கள். "ரொம்பக் கனம்னா பழைய சமாச்சாரம் நெறைய இருக்கும், ரொம்ப லேசுன்னா மனுசனுக்கு ஒட்டுதலே இல்லன்னு அர்த்தம், நடுவாந்திரமாப் பாருங்க" என்று பேச்சிமுத்து எல்லா வீட்டிலும் சொல்லிவைத்தார். எதையும் படம் எடுக்கும் முன் ஒரு நிமிடம் நின்று, இதைச் சுமக்க முடியுமா என்று யோசிக்கிற பழக்கம் ஊருக்கே வந்தது.

இப்படி ஒரு காலம் வந்தால் யாருக்கு மவுசு கூடும்? ஆவுடையப்பனுக்குத்தான் கூடியது.

ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையும் கம்ப்யூட்டர் சென்டரும் சேர்த்து நடத்திவந்தார். அறுபதைத் தொட்டிருந்தார். உள்ளூர் வாரப் பத்திரிகையான 'வாகைத் தூது'வில் பதினொரு வருடமாக 'சொடுக்குங்கள்' என்று ஒரு பத்தி எழுதினார். கணினிக்கும் போனுக்கும் வாரம் நான்கு குறிப்பு, ஓரத்தில் ஒரு சின்னச் செய்தி. கடவுச்சொல்லில் பிறந்த நாளை வைக்காதீர்கள், பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் சுட்டியைத் தொடாதீர்கள், சார்ஜ் ஏறும்போது தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள் என்று அவர் எழுதாதது எதுவும் இல்லை. எழுதிய எந்தக் குறிப்புக்கும் மறுவாரம் 'திருத்தம்' போட நேர்ந்ததில்லை என்பதில் மனிதருக்கு அப்படி ஒரு பெருமை. சோதிடப் பகுதிக்குத் திருத்தம் வந்திருக்கிறது, சமையல் குறிப்புக்கு மூன்று முறை வந்திருக்கிறது, 'சொடுக்குங்கள்' பத்திக்கு வந்ததில்லை. எழுதும் ஒவ்வொரு குறிப்பையும் முதலில் தன் போனில் செய்து பார்த்து, அது சரியாக வேலை செய்தால்தான் எழுதுவார்.

அதனால்தான் கனம் வந்த அன்று ஊரிலேயே அவருடைய போன் மட்டும் லேசாக இருந்தது. நகல் படங்களை நீக்குவது எப்படி என்று எழுதிய வாரம் அவர் போனிலிருந்த நகல்கள் போயின. தேவையற்ற வீடியோக்களைக் கழிப்பது எப்படி என்று எழுதிய வாரம் வீடியோக்கள் போயின. கனம் வந்த பிறகு, அடுத்தவர்களுக்கு எழுதுமுன் இன்னும் மிச்சமிருந்ததையும் வழித்தெடுத்தார். போன் லேசாகி லேசாகி, ஆவணி பிறப்பதற்குள் மேசையை விட்டு ஒரு சாண் உயரத்தில் நிற்கத் தொடங்கியது. மின்விசிறிக் காற்றுக்கு அது மெல்ல நகர்ந்து சுவரில் போய் முட்டியது. வீட்டில் மனைவி உலகம்மை பீடி சுற்றும் முறமான சொளகில் இன்னும் கிடந்த, பீடி கட்டும் சிவப்பு நூலை எடுத்து, ஒரு முனையைப் போனிலும் மறுமுனையைச் சட்டைப் பித்தானிலும் கட்டிக்கொண்டார். அவர் பஜாரில் நடந்து போனால் தோளுக்கு மேலே போனும் கூடவே மிதந்து போகும். மூட்டை மூட்டையாகப் போனைச் சுமந்து எதிரே வருகிறவர்கள் நின்று அதை அண்ணாந்து பார்ப்பார்கள்.

"அண்ணாச்சி கை வச்சா எந்தப் போனும் பூவா மாறிருமாம்" என்று பேச்சு பரவியது. கடை வாசலில் வரிசை நின்றது. அவரும் வந்தவர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் கழித்துக் கொடுத்தார். இதை வைக்கவா, இதை எடுக்கவா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். இருபது கிலோ ஆறு கிலோவாகும், ஆறு கிலோ ஒன்றரைக் கிலோவாகும், வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கும்பிடு ஒவ்வொன்றுக்கும் ஆவுடையப்பனுக்கு உள்ளே சுருக்கென்று குத்தியது. யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

அவருடைய போனில் உலகம்மையின் குரல் இல்லை. ஒன்றுகூட இல்லை.

உலகம்மை போய் இரண்டு வருடம் ஆகிறது. புரட்டாசி மாதம், மூன்றே நாள் காய்ச்சல். இருந்தவரை தினம் காலை பதினொரு மணிக்கு, வீட்டில் பீடி சுற்றிக்கொண்டே, கடையிலிருக்கும் புருஷனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவாள். வரும்போது மல்லித்தழை வாங்கிட்டு வாங்க, கேஸ் தீந்துருச்சு சொல்லிருங்க என்ற மாதிரி இருக்கும். பத்தியின் முன்னூற்று அறுபத்தொன்றாவது வாரத்தில், செய்திகள் ஏழு நாளில் தானாக அழியும்படி வைத்துக்கொண்டால் போனில் இடம் மிச்சமாகும் என்று ஆவுடையப்பன் எழுதினார். எழுதுமுன் தன் போனில் செய்து பார்த்தார். அது நன்றாகவே வேலை செய்தது. முன்னூற்று எண்பத்தெட்டாவது வாரத்தில், குரல் செய்திகளை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டால் நேரம் மிச்சமாகும் என்று எழுதினார். அதையும் செய்து பார்த்தார். அன்றிலிருந்து கடைசிவரை அவர் தன் மனைவியை இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்டார். அவள் போன பிறகு அவளுடைய போனைத் தங்கை மகளுக்குக் கொடுத்தபோது, பழைய போனை அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும் என்ற தன் குறிப்புப்படியே சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தார். அவள் போன எட்டாம் நாள் தன் போனைத் திறந்தபோது அவளுடைய பக்கம் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைப் பக்கத்தை அவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவருக்கே தெரியாது. இப்போது அவளை நினைக்க முயன்றால் குயில் குஞ்சு மாதிரி கீச்சுக் குரலில் வேகவேகமாக யாரோ மல்லித்தழை கேட்பது மட்டும்தான் காதில் வந்தது. அவள் நிஜத்தில் எப்படிப் பேசுவாள் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்த மனிதருக்கு இது எப்படி மறக்கும் என்று கேட்கலாம். மறந்துவிட்டது, என்ன செய்ய.

ஊர் முழுக்கக் கனம் கனம் என்று புலம்பிக்கொண்டிருக்க, அந்தக் கனத்துக்கு ஏங்கிய ஒரே ஆள் அவர்தான். பால்காரர் செல்லையா பதினெட்டுக் கிலோப் போனைச் சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது ஆவுடையப்பனுக்குப் பொறாமையாக இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் காலை பத்து மணிக்குக் கடைப் போன் அடித்தது. மைதீன் பாத்து பேசினாள்.

மைதீன் பாத்து முன்பு மேலத்தெருவில் அடுத்த வீடு. அவளும் உலகம்மையும் ஒரே வாசலில் சொளகை மடியில் வைத்துக்கொண்டு இருபது வருடம் பீடி சுற்றியவர்கள். நாலு வருடத்துக்கு முன்னால் அவள் ஊரின் அந்தக் கோடியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் புதுத்தெருவுக்குக் குடிபோய்விட்டாள்.

"அண்ணாச்சி, படுத்துக்கிட்டே பேசுதேன், தப்பா நெனைக்காதீங்க. இது தரையவிட்டு எந்திக்க மாட்டேங்குது. மகன் வந்திருக்கான், நாலு மணிக்கு வேன். என்னைத் திருப்பூருக்கே கூட்டிக்கிட்டுப் போறானாம், இனி அங்கதான் இருப்பு. ஒரு எட்டு வந்து இதைக் கொஞ்சம் கழிச்சுத் தந்துட்டுப் போறீயளா?"

கடையைப் பூட்டிவிட்டுப் போனார். வீட்டில் சாமான்கள் எல்லாம் சாக்கில் ஏறியிருந்தன. காலியான நடுக்கூடத்தில், விரிசல் விட்ட மொசைக் தரையில், மைதீன் பாத்துவின் போன் கிடந்தது. முதலில் கட்டிலில்தான் கிடந்ததாம், கட்டில் நாடா அறுந்தபிறகு தரைக்கு வந்ததாம். ரேஷன் கடைத் தராசைத் தூக்கிவந்து வைத்து நிறுத்திருக்கிறார்கள், நாற்பத்து மூன்று கிலோ. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அவள் பக்கத்தில் பாய் விரித்து, காதைப் போனில் வைத்துப் படுத்துக்கொள்வாள். மூட்டுவலிக்காரி, ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மகன் சாகுல் சலித்துக்கொண்டான். "மாமா, நீங்களாவது சொல்லுங்க. புதுசு ஒண்ணு வாங்கித் தாரேன், இதைத் தள்ளிட்டு வாங்கன்னு சொல்லுதேன், கேக்க மாட்டேங்குதாவ. நாப்பது கிலோவ அங்க மாடி வீட்டுல வைக்க முடியுமா? நாலு மணிக்குள்ள கைக்கு அடங்குனா எடுத்துக்கிடலாம், இல்லன்னா இங்கதான் கெடக்கும்."

"கைப்பையில வச்சுத் தூக்குற அளவுக்கு ஆனாப் போதும் அண்ணாச்சி" என்றாள் மைதீன் பாத்து.

ஆவுடையப்பன் அவளோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்தார். அவர் போன் பித்தானில் கட்டிய நூலில் தலைக்கு மேலே நின்றது. முதலில் காலை வணக்கங்களைக் கழித்தார், இரண்டு கிலோ குறைந்தது. வேண்டாத வீடியோக்களைக் கழித்தார், மூன்று கிலோ. பேரப்பிள்ளைகளின் படங்களில் மங்கலானவற்றை மட்டும் எடுக்கச் சம்மதித்தாள், அதில் இரண்டு கிலோ. அதற்குப் பிறகு எதைக் கழித்தாலும் போன் அசையவில்லை. எங்கேயோ பெரிய கனம் ஒன்று அடியில் கிடந்தது. பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே போனவரின் விரல் ஓர் இடத்தில் நின்றது.

'உலகம்மை அக்கா' என்று இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு குரல் செய்திகள்.

"அதைத் தொடாதீங்க" என்றாள் மைதீன் பாத்து உடனே. "மத்தது எது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. பேரன் படத்தைக்கூட எடுத்துக்கிடுங்க, அவனைத்தான் அங்க நேர்ல பாக்கப் போறேன்லா. அது மட்டும் வேண்டாம்."

ஆவுடையப்பன் விரலை எடுத்துக்கொண்டார். "இதுல ஒண்ணே ஒண்ணு... நான் கேக்கலாமா?"

"ஒங்களுக்கில்லாததா? ஆனா ஒங்க போன்லயே அவ பேசுனது ஆயிரம் கெடக்குமே அண்ணாச்சி. தெனம் பதினொரு மணிக்கு ஒங்களுக்கு அனுப்பிட்டுத்தான எனக்கு அனுப்புவா."

இரண்டு வருடம் யாரிடமும் சொல்லாததை அவர் அப்போது சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். "என் போன்ல ஒண்ணுகூட இல்ல. நானே அழியும்படி வச்சிருந்தேன். அவ குரலே எனக்கு மறந்துபோச்சு."

மைதீன் பாத்து நிமிர்ந்து, அவர் தலைக்கு மேலே நூலில் நின்றுகொண்டிருந்த போனைப் பார்த்தாள். ஊரே அண்ணாந்து வியந்த போன் அது. அவள் அந்த நூலையும் பார்த்தாள். அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியாததா? "இதுக்காகத்தானா இது இப்படிப் பறந்துக்கிட்டுத் திரியுது" என்றாள் மெதுவாக. பிறகு பாயை இழுத்துப் போட்டு, "இங்க படுங்க. கிட்ட வச்சாத்தான் நல்லாக் கேக்கும்" என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த முதல் செய்தியைத் தொட்டாள்.

ஆவுடையப்பன் சட்டை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் படுத்துக் காதை வைத்தார். முதலில் கத்தரி சத்தம்தான் கேட்டது. பீடி இலை வெட்டும் சத்தம், நறுக், நறுக். பிறகு ஒரு செருமல். பிறகு உலகம்மை.

"ஏ மைதீன் பாத்து, கேக்கா? நான்தான். கை ரெண்டும் சொளகுல இருக்கு, ஆனாலும் பேசிக்கிட்டு இருக்கேன் பாத்துக்கோ. மைக்கை அமுக்கி மேல தள்ளி விட்டாப் போதுமாம், அதுவே பிடிச்சுக்கிடும், கை சும்மா இருக்கலாம். யாரு சொல்லித் தந்தான்னு கேளு. எங்க வீட்டு ஆளுதான். ஆனா வீட்டுல வச்சு எனக்குச் சொல்லல. பேப்பர்ல ஊருக்கே சொன்னாவ, நானும் ஊருல ஒருத்தியா இருந்து படிச்சுக்கிட்டேன்."

சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் எடுத்தது. அவ்வளவு நிதானமாகச் சிரிப்பாள் என்பது ஆவுடையப்பனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு பீடியைச் சுற்றி முனை மடக்கி நூல் கட்டி வைக்கும் அளவுக்கு இடம் விட்டுப் பேசினாள். அந்த இடைவெளிகள் எல்லாவற்றையும் அவர் இரண்டு மடங்கு வேகத்தில் தாண்டிப் போயிருக்கிறார்.

"இன்னொண்ணு கேளு. இவியளுக்கு நான் அனுப்புறது ஏழு நாள்ல தானா அழிஞ்சு போயிருமாம். எடம் அடைக்குதாம். அதனால நான் என்ன செய்யுதேன் தெரியுமா, அவசரமானதை மட்டும் இவியளுக்கு அனுப்பிருதேன். மல்லித்தழை, சீரகம், கேஸ் சொல்லணும். மத்தது பூரா ஒனக்குத்தான். நீ அழிச்சிராத, என்ன."

நறுக், நறுக் என்று கத்தரி போய்க்கொண்டே இருந்தது. இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. மேலத்தெருவில் யார் வீட்டுப் பசு கன்று போட்டது, தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு வருகிறது, ராத்திரி அவர் எப்படிக் குறட்டை விட்டார் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஆவுடையப்பன் அழுதார். சத்தம் போட்டே அழுதார். சாகுல் சாக்குக் கட்டுவதை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

செய்தி முடிந்ததும் மைதீன் பாத்து மூக்கைச் சீந்தினாள். "நான் அழிக்கல அண்ணாச்சி. அவ சொன்ன மாதிரியே வச்சிருந்தேன். கட்டில் ஒடைஞ்சப்பகூட அழிக்கல."

"தெரியுது."

"மணி என்ன ஆச்சு?"

"ரெண்டரை."

அவள் கொஞ்ச நேரம் போனைத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்ப எடுத்துக்கிடுங்க. எனக்கு ஒண்ணு போதும். இப்பக் கேட்டமே, இது எனக்கு. மத்தது ஒங்களுக்கு."

ஆவுடையப்பன் நூலை இழுத்துத் தன் போனைக் கீழே இறக்கினார். அனுப்பி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. ஏழு நாளில் அழி என்ற அந்த ஏற்பாட்டை நிறுத்த வேண்டும். அமைப்புகள், தனியுரிமை, அதற்குள் இன்னொரு பக்கம். வழி அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய அந்த வேலையை அவர் கண்ணாடி போட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் செய்தார். நிறுத்தியாகிவிட்டது என்று திரையில் வந்ததும் வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, இன்னொரு முறை சரிபார்த்தார்.

பிறகு முப்பது முப்பதாகத் தேர்ந்தெடுத்து அனுப்பினார். முதல் முப்பது வந்து சேர்ந்தபோது தலைமட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த போன் மெல்ல இறங்கி அவர் மடியில் உட்கார்ந்தது. நூல் தொய்ந்தது. அடுத்த முப்பதுக்குத் தொடை வலித்தது. நூறு தாண்டியபோது மடியில் வைக்க முடியாமல் தரையில் இறக்கினார். இருநூற்றுப் பன்னிரண்டும் வந்து சேர்ந்தபோது, இரண்டு கையாலும் அசைத்துப் பார்த்தவருக்கு, நிறைந்த கேஸ் சிலிண்டரின் கனம் இருந்தது. அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

இனி மைதீன் பாத்துவின் போனில் இருப்பதை அழிக்க வேண்டும். ஒன்றை விட்டு இருநூற்றுப் பதினொன்றையும் தேர்ந்தெடுத்தார். குப்பைத்தொட்டிப் படத்துக்கு மேலே கட்டைவிரலைக் கொண்டுபோனார். பதினொரு வருடமாக ஊருக்கே அழிக்கச் சொல்லிக் கொடுத்த கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. விரல் இறங்க மாட்டேன் என்றது.

மைதீன் பாத்து அவர் கையைத் தொடாமல், போனை மட்டும் தன் பக்கம் திருப்பினாள். "நீங்க அழிக்க வேண்டாம். பொறவு அதையும் நெனச்சுக்கிட்டுக் கெடப்பீய. நான் அழிக்கேன். என்கிட்ட சொன்னதைத்தான அழிக்கேன், ஒங்ககிட்ட பத்திரமாத்தான இருக்கு." பிஸ்மி சொல்லிக்கொண்டு தொட்டாள். பிறகு போனை ஒரு கையால் எடுத்து, எடுக்க வருகிறதே என்பதுபோல் பார்த்து, துணிப்பைக்குள் வைத்தாள். அது தன்னிடம் தங்கிய ஒற்றைச் செய்தியோடும் பேரப்பிள்ளைகளோடும் நாலு கிலோ இருந்தது. "கேக்கணும் போல இருந்தா ஒங்களுக்கு அடிப்பேன், போட்டுக் காட்டணும்" என்றாள்.

"எப்ப வேணும்னாலும் அடிங்க."

நாலு மணிக்கு வேன் போனது. ஆவுடையப்பன் தன் போனை ஒரு கோணிச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு புதுத்தெருவிலிருந்து மேலத்தெருவுக்கு நடந்தார். பஸ் ஸ்டாண்டு மூலையில் ஒரு முறை இறக்கி வைத்தார், பள்ளிவாசல் மேடையில் ஒரு முறை, சுடலைமுத்து கடைத் தேக்குப் பலகையில் ஒரு முறை. நேற்றுவரை போனைப் பறக்கவிட்டுக்கொண்டு போன மனிதர் முதுகு வளைந்து வருவதைப் பார்த்து டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"என்ன அண்ணாச்சி, ஒங்க போனுக்கா இந்தக் கெதி?" என்றார் சுடலைமுத்து.

"ஆமா."

"நீங்களே கழிக்கத் தெரியாம நின்னா ஊரு என்ன செய்யும்? சரி கொடுங்க, ஒரு கை பிடிக்கேன். வீடு வரைக்கும் கொண்டாந்து போடுதேன்."

"வேண்டாம் சுடல. இருக்கட்டும், நானே தூக்கிக்கிடுதேன்" என்று சொல்லிச் சாக்கை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அந்த வார 'வாகைத் தூது'வில் 'சொடுக்குங்கள்' பத்தி இருந்த இடத்தில் நான்கு குறிப்புகள் இல்லை. ஓரத்துச் சின்னச் செய்தியும் இல்லை. போனைக் கழிக்க வழி தேடிப் பத்திரிகையைப் பிரித்த ஊர், கட்டம் கட்டிய ஐந்து வரியைப் பார்த்தது.

'திருத்தம்: இந்தப் பத்தியின் 361ஆம் வாரத்தில், செய்திகள் ஏழு நாளில் தானாக அழியும்படி வைத்துக்கொள்ளுங்கள் என்றும், 388ஆம் வாரத்தில், குரல் செய்திகளை இரண்டு மடங்கு வேகத்தில் கேளுங்கள் என்றும் எழுதியிருந்தேன். இரண்டும் தவறு. வருந்துகிறேன். ஆவுடையப்பன்.'

அதை அவர் கடையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தபோது காலை பதினொரு மணி. மேசை தாங்காது என்று போனைத் தரையில் சாக்கு விரித்து வைத்திருந்தார், பக்கத்தில் உலகம்மையின் சொளகு இருந்தது. ஐந்து வரியை அடிக்க அவருக்குப் பதினான்கு நிமிடம் ஆனது. அவள் பேசிக்கொண்டிருந்தாள், அவர் நடுநடுவே கையை எடுத்துக்கொண்டு கேட்டார்.